மேய்ப்பன் முன்னாலா, பின்னாலா?

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. வலது கையை வேதப்புத்தகத்தின் மேல் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். இடது கையால் எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும். விஷயம் நேராக இருக்கும். எழுபத்தாறு வயதில் பொய் சொல்லி நான் என்ன கோட்டை கட்டப்போகிறேன்?

பதினேழு வயதிலிருந்து இருபது வயதுவரை நான் மலையில் ஆடு மேய்த்தேன். மூன்று வருடம். ஏழு வருடம் என்று சொல்பவர்களும் உண்டு. அதுவும் நான் சொல்லிக் கேட்டதுதான். எங்கள் சபையில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் நான் 'மேய்ப்பர்'. போதகருக்கு இதில் கொஞ்சம் மனத்தாங்கல். ஒரு தொழுவத்துக்கு இரண்டு மேய்ப்பரா என்று வாய்விட்டுக் கேட்டதில்லை. ஆனால் அவர் ஒருவர் மட்டும் என்னைப் "பெரியவரே" என்றுதான் கூப்பிடுவார்.

ஞாயிறு பள்ளியில் இருபத்துமூன்றாம் சங்கீதம் நடத்தும் வாரம் வந்தால் எனக்கு நாற்காலி போட்டுவிடுவார்கள். சத்துருக்களுக்கு முன்பாகப் பந்தி என்று வருகிறதல்லவா, அதற்கு நான் கண்ட சாட்சி. பதினான்கு ஓநாய்கள் வட்டமாக உட்கார்ந்திருக்க, நடுவில் ஆடுகளை வரிசையாக நிறுத்திப் புல் பரிமாறியிருக்கிறேன். அதில் ஒரு கிழட்டு ஓநாய், மரியாதை தெரிந்தது, கடைசி ஆடு சாப்பிட்டு முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை. தலையில் எண்ணெய் தேய்ப்பது எதற்கு என்றும் சொல்லியிருக்கிறேன். ஆட்டின் மூக்கில் ஈ முட்டையிடும், அதைத் தடுக்கத்தான். அன்றைக்குப் போதகர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. இருபது வருடமாக அந்த எண்ணெயை வைத்து அவர் அபிஷேகப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார், பாவம்.

என் அண்ணன் இதையெல்லாம் முதல் வரிசையில் கைகட்டிக்கொண்டு கேட்பார். ஒரு தடவைகூடக் குறுக்கே பேசியதில்லை. என்னைவிட இரண்டு வயது மூத்தவர். பொத்தான் தொழிற்சாலையில் துளை போடும் இயந்திரத்தில் நின்று ஓய்வு பெற்றவர். மலையை விட்டு இறங்கிய பிறகு நானும் அங்கேதான் சேர்ந்தேன், அது இந்தக் கதைக்கு வேண்டாம்.

போன வருடம் அண்ணனுக்கு முதுகெலும்பில் ஏதோ வளர்ந்தது. முதலில் செருப்பு கழன்றது தெரியவில்லை என்றார். பிறகு காலே தெரியவில்லை என்றார். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது கழுத்துக்குக் கீழே அவருக்குச் சொந்தமாக மிஞ்சியது வலது கையின் இரண்டு விரல்கள்தான். அந்த இரண்டு விரலாலும் ஆஸ்பத்திரிச் சட்டையின் பொத்தானை உருட்டிக்கொண்டே இருப்பார். "நாலு துளையில ஒண்ணு சாஞ்சு போயிருக்கு. எவன் போட்டானோ," என்பார்.

நாலாவது மாடி. இரண்டு கட்டில் அறை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவரும், அதில் இறங்கும் மூன்று குழாய்களும். கட்டில் தலைமாட்டில் ஒரு அட்டை தொங்கும். இடது, மல்லாக்க, வலது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப்போட்டு அதில் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். திருப்ப வரும் நர்ஸுக்கு நாங்கள் வைத்த பெயர் ரெண்டு மணி சிஸ்டர்.

பக்கத்துக் கட்டிலில் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர். தொடை எலும்பு முறிந்து, காலைக் கம்பியில் கட்டித் தூக்கிவிட்டிருந்தார்கள். வாய்க்கு மட்டும் கட்டுப் போடவில்லை.

டாக்டர், அண்ணனுடைய மகளை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, இனி ஆபரேஷன் வேண்டாம், வலி இல்லாமல் பார்த்துக்கொள்ளலாம், மூன்று வாரமோ நான்கு வாரமோ என்றார். ரகசியமாகத்தான் சொன்னார், கதவைத்தான் சாத்தவில்லை. அண்ணனுக்குக் காது மட்டும் பழுதாகவில்லை.

அன்றிலிருந்து போதகர் தினமும் நாலு மணிக்கு வந்து அந்தச் சங்கீதத்தை வாசிப்பார். நல்ல குரல். கண்டக்டர்கூடத் தூங்கிவிடுவார். ஐந்தாம் நாள், மரண இருளின் பள்ளத்தாக்கு வந்த இடத்தில் அண்ணன் சொன்னார்:

"கொஞ்சம் நிறுத்துங்க ஐயா. ஒரு சந்தேகம்."

"கேளுங்க."

"அந்தப் பள்ளத்தாக்குல மேய்ப்பன் முன்னால போறானா, பின்னால வர்றானா?"

போதகர் புத்தகத்தைப் பார்த்தார். "கூடவே இருக்கிறார்னுதானே போட்டிருக்கு."

"கூடன்னா எங்க? முன்னால போனா, கடைசி ஆட்ட எது இழுத்துட்டுப் போனாலும் அவனுக்குத் தெரியாது. பின்னால வந்தா, முன்னால குழி இருக்கிறது முதல்ல ஆட்டுக்குத்தான் தெரியும். இருட்டு வேற. அவன் இருக்கான்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

கண்டக்டர் கண்ணைத் திறந்தார். "நியாயமான கேள்வி. முப்பத்தோரு வருஷம் நான் வண்டிக்குப் பின்னால நின்னேன். டிரைவர் முன்னால. ஒரே ஆளு ரெண்டு வேலையும் பாத்தா வண்டி போய்ச் சேராது."

"இது வண்டி இல்லைங்க," என்றார் போதகர்.

"பள்ளத்துல எது போனாலும் ஒண்ணுதான் ஐயா."

போதகர் கொஞ்ச நேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். பிறகு, இத்தனை வருடத்தில் முதல் முறையாக, என்னை அப்படிக் கூப்பிட்டார். "நம்ம மேய்ப்பரே இங்கதான இருக்கார். தொழில் பண்ணவரு. அவரே சொல்லட்டுமே."

நல்ல மனுஷன். தன் தலையில் விழ இருந்த தேங்காயைப் பக்குவமாக என் தலைக்குத் திருப்பிவிட்டார்.

"சரி, அவன் சொல்லட்டும்," என்றார் அண்ணன். "சொல்ற வரைக்கும் அந்தச் சங்கீதம் இந்த ரூமுக்குள்ள வேணாம்."

போதகர் போன பிறகு கூரையைப் பார்த்தபடியே, "பயமா இருக்குடா," என்றார். அப்பா போன அன்று எனக்குப் பதினொரு வயது, அவருக்குப் பதிமூன்று. அன்றைக்குக்கூட அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வரவில்லை.

எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். மறுநாள், என் மந்தையில் இருந்த ஒரு கறுப்பு ஆடு தினமும் பொழுது சாயும்போது என்னை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் படுக்கும் என்று சொன்னேன். நான் ஒருவன்தானே, எண்ண என்ன இருக்கிறது என்று கேட்டார் கண்டக்டர். அது இரண்டாவது தடவையும் எண்ணி ஒன்று வருகிறதா என்று சரிபார்க்கும், அவ்வளவு பொறுப்பான ஆடு என்றேன். அதற்கு மறுநாள், பனியில் வழி தவறிய என்னை ஒரு செம்மறிக் கிடா சட்டைக் காலரைக் கவ்வி நான்கு மைல் இழுத்து வந்ததைச் சொன்னேன். வழியில் ஒரு இடத்தில் அது தவறான திருப்பத்தில் திரும்பிவிட்டு மன்னிப்புக் கேட்டதையும் சேர்த்துத்தான்.

"நல்லாருக்கு," என்றார் அண்ணன். "கேட்டதுக்குப் பதில் சொல்லு."

அண்ணன் மகள் ஓட்டல் ஒன்றின் சலவைப் பிரிவில் இஸ்திரி வேலை பார்க்கிறாள். வேலை முடிந்து வரும்போது அவள் மேல் சூடான துணி வாசனை அடிக்கும். ஒரு சாயங்காலம் வராந்தாவில் என்னை நிறுத்தினாள்.

"சித்தப்பா, அப்பா கண்ண மூடவே மாட்டேங்கறாரு. மூடினா இருட்டுல தனியா எங்கயோ போற மாதிரி இருக்காம். மாத்திரைக்கும் அடங்கல."

"டாக்டர்கிட்ட சொன்னியா?"

"டாக்டர் என்ன பண்ணுவாரு? அவரு என்ன ஆடா மேச்சாரு? உங்க ஆட்டுக் கதை கேட்டுத்தான் நான் சோறே தின்னேன். இந்த ஒரு தடவ, அவரு கேக்கிறத சொல்லிருங்க சித்தப்பா. தெரியும்ல உங்களுக்கு?"

"தெரியாமலா," என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மலையில் எத்தனையோ தடவை வழுக்கியிருக்கிறேன், அந்த வராந்தாவில் வழுக்கியது போல் எங்கும் வழுக்கியதில்லை.

மறுநாள் மத்தியானம் நடந்ததற்கு நான்தான் பொறுப்பு. இல்லை, லிஃப்ட்டும் கொஞ்சம் பொறுப்பு. சாப்பாட்டு வண்டியோடு ரெண்டு மணி சிஸ்டரும் அதற்குள் மாட்டிக்கொண்டார். இரண்டு மணி ஆயிற்று. இரண்டரை ஆயிற்று. அண்ணன் மல்லாந்து கிடந்தார்.

"முதுகு எரியுதுடா."

"வந்துருவாங்க அண்ணே."

"எரியுதுங்கறேன். நீ திருப்பேன். எத்தன ஆட்டத் திருப்பியிருக்க."

இதற்கு ஒரு விளக்கம் சொல்ல வேண்டும். கொழுத்த ஆடு பள்ளமான இடத்தில் படுத்து, புரண்டு மல்லாந்துவிட்டால், அதனால் தானாக எழ முடியாது. நான்கு காலும் வானத்தைப் பார்க்கும். வயிற்றில் காற்று அடைத்துச் சில மணி நேரத்தில் செத்துப்போகும். மேய்ப்பன் வந்து புரட்டிவிட்டு, இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இடுக்கிப் பிடித்து, காலில் ரத்தம் ஓடும்வரை தேய்த்துவிட வேண்டும். ஆத்துமாவைத் தேற்றுவது என்று சங்கீதத்தில் வருகிறதே, அது இதுதான் என்று நான் சபையில் சொல்லியிருக்கிறேன். கையை ஆட்டி, முழங்காலை மடக்கிக் காட்டியும் இருக்கிறேன். இருநூறு ஆட்டையாவது திருப்பியிருப்பேன் என்று ஒரு கணக்கும் கொடுத்திருக்கிறேன்.

"பெருசு, வேணாம்," என்றார் கண்டக்டர். "ஆடு வேற, ஆளு வேற."

"நாலு கால வச்சிருக்கிறதையே திருப்பினவன் நான்," என்று சொல்லிக் கட்டில் கம்பியை இறக்கினேன். தோளுக்கடியில் ஒரு கை, இடுப்புக்கடியில் ஒரு கை. இழுத்தேன். வரமாட்டார் என்று நினைத்துப் பலமாக இழுத்தேன். அவர் சுலபமாக வந்தார். வந்துகொண்டே இருந்தார். நோய் அவரை எவ்வளவு தின்றிருந்தது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் பின்னால் சாய்ந்து தரையில் உட்கார்ந்தேன், அவர் என் மடியில் வந்து சேர்ந்தார். அவர் முதுகு என் நெஞ்சில், இரண்டு பக்கமும் என் முழங்கால். உடைந்தது என் மூக்குக்கண்ணாடி மட்டும்.

அழைப்பு மணி கட்டிலின் மேலே தொங்கியது. என்னால் எட்ட முடியாது. அவரை விட்டால் தலை தரையில் இடிக்கும். கண்டக்டர் பக்கத்து மணி ஒரு மாதமாக வேலை செய்யவில்லை. அவர் வாயில் இரண்டு விரலை வைத்து விசில் அடிக்க ஆரம்பித்தார். பஸ் நிற்பதற்கு ஒன்று, புறப்படுவதற்கு இரண்டு. அந்த மாடியில் யாரும் நிற்கவும் இல்லை, புறப்படவும் இல்லை.

"டேய்," என்றார் அண்ணன்.

"என்ன அண்ணே."

"ஆட்ட இப்படித்தான் திருப்புவியா?"

"ஆடு கொஞ்சம் ஒத்துழைக்கும்."

அவர் சிரித்தார். உடம்பு அசையாததால் சிரிப்பு கழுத்தோடு நின்றுவிட்டது. என் தாடையில் அது அதிர்ந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப சொல்லு. மேய்ப்பன் முன்னாலயா, பின்னாலயா?" என்றார்.

"பின்னாலதான். உன் முதுகுல முட்டுறது என் நெஞ்சு."

"நீ மேய்ப்பன் இல்லடா."

"ஆமா. இங்க ரெண்டு ஆடுதான் மல்லாந்து கெடக்கு."

"அப்ப அவன் எங்க?"

இத்தனை வருடமாகக் கேட்ட கேள்விக்கெல்லாம் இரண்டு பதில் வைத்திருந்தவன் நான். அன்று அவர் தலை சாயாமல் தாடையால் முட்டுக் கொடுத்தேன். கண்டக்டர் விசிலை நிறுத்திவிட்டு மூச்சு வாங்கினார். தரை சில்லென்று இருந்தது. அண்ணன் தலையில் சோப்பு வாசனை. நாற்பது நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தோம். என் கால் இரண்டும் மரத்துப்போய், யார் கால் எது என்று தெரியாமல் போயிற்று.

லிஃப்ட்டிலிருந்து விடுதலையாகி வந்த ரெண்டு மணி சிஸ்டர் வாசலில் நின்று எங்களைப் பார்த்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"யாரு சொன்னா உங்கள தொடச் சொல்லி?"

"ஆடு மேச்சவரு சிஸ்டர்," என்றார் கண்டக்டர், எனக்குப் பரிந்து.

சாயங்காலமே அட்டைக்குப் பக்கத்தில் ஒரு காகிதம் ஒட்டினார்கள். வருகிறவர்கள் நோயாளியைத் தொடக்கூடாது. பன்மையில் எழுதியிருந்தது, ஆனால் நாற்காலியைக் கட்டிலிலிருந்து இரண்டு அடி தள்ளிப்போட்டது எனக்கு மட்டும்தான். கையைப் பிடித்துக்கொண்டாவது உட்காரலாம் என்பதும் போயிற்று.

அதன்பிறகு அண்ணன் வேகமாக இறங்கினார். சாப்பாடு நின்றது. பொத்தானை உருட்டும் விரல் இரண்டில் ஒன்று ஓய்ந்தது. கண் மட்டும் மூடவில்லை. கூரையில் எதையோ தேடிக்கொண்டே இருந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை நானே ஆரம்பித்தேன்.

"அண்ணே, ஒண்ணு மறந்தே போயிட்டேன். மலையில ஒரு கணவாய் இருந்துச்சு. ரெண்டு பக்கமும் பாறை. பகல்லயே இருட்டு. ஒரு ஆடு போற அகலம்தான்."

கண் என் பக்கம் திரும்பியது.

"அதுக்குள்ள போயிட்டா மேய்ப்பன் முன்னால இருக்கானா பின்னால இருக்கானான்னு ஆட்டுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். நான் என்ன பண்ணுவேன், தடியால பாறைய தட்டிக்கிட்டே வருவேன். சத்தம் ரெண்டு பக்கமும் மோதி எல்லாப் பக்கத்துல இருந்தும் கேக்கும். சத்தம் கேக்கிற வரைக்கும் ஆடு நடக்கும். அந்தச் சங்கீதத்துல தடி தேத்தும்னு வருதுல்ல. அடிக்கிற தடி எப்படித் தேத்தும்? இதுதான்."

"எவ்வளவுக்கு ஒரு தட்டு?" குரல் மிகவும் சின்னதாக வந்தது.

"பத்து அடிக்கு ஒண்ணு."

"வேகமா போனா?"

"வேகமா தட்டணும்."

கண் கூரைக்குப் போய்விட்டு என்னிடம் திரும்பி வந்தது. பிறகு, "உன் கதையிலயே இதுதாண்டா நல்ல கதை," என்றார்.

"கதை இல்லண்ணே. நடந்தது."

"ஆமாமா. நடந்தது. எனக்குத் தெரியாதா." கண்ணை மூடினார். "தட்டு."

என் கைத்தடியால் கட்டில் கம்பியைத் தட்டினேன். நுனியில் ரப்பர், பூனை நடப்பது போல இருந்தது. ரப்பரைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மறுபடி தட்டினேன். இப்போது கேட்டது. கம்பியைத் தொடக்கூடாது என்று காகிதத்தில் இல்லை.

அவர் தூங்கினார். பதினேழு நாளுக்குப் பிறகு.

"எத்தன நேரம் இந்தக் கச்சேரி?" என்றார் கண்டக்டர்.

"கணவாய் முடியிற வரைக்கும்."

"நீளமோ?"

"தெரியல. அளந்ததில்ல, நான் ஆட்டோடதான் போயிருக்கேன்."

அவர் ஒரு தலையணையை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். ஆனால் நான் தண்ணீர் குடிக்கத் தடியை வைத்தபோது, தன் தம்ளரால் தன் கட்டிலைத் தட்டி இடைவெளி விழாமல் பார்த்துக்கொண்டார். சாயங்காலம் வந்த அண்ணன் மகளிடம் தடியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் வந்தபோது அவள் நாற்காலியில் உட்கார்ந்தபடி, கண் சிவந்து, தட்டிக்கொண்டிருந்தாள். ரெண்டு மணி சிஸ்டர் அட்டையில் கையெழுத்துப் போடும்போது பேனாவால் ஒரு தடவை கம்பியைத் தட்டிவிட்டுப் போனதை என் கண்ணால் பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், வராந்தாவில் சாப்பாட்டு வண்டியின் சக்கரம் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தபோது, அண்ணனின் மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவில் தூரம் கூடிக்கொண்டே போயிற்று. நான் மெதுவாகத் தட்டினேன். அவர் வேகமாகப் போகிறாரா மெதுவாகப் போகிறாரா என்று எனக்கு எப்படித் தெரியும்? வேகமாகவும் தட்டிப் பார்த்தேன். எது சரியென்று கேட்க அங்கே ஒரு மேய்ப்பனும் இல்லை. கம்பியில் பெயின்ட் உரிந்துவிட்டது. நிறுத்தினால் என்ன ஆகுமோ என்று நிறுத்தாமல் தட்டினேன்.

"பெருசு," என்றார் கண்டக்டர், முகத்தைச் சுவர் பக்கம் வைத்துக்கொண்டு. "அவரு இறங்கிட்டாரு. ஸ்டாப்பிங் வந்து கொஞ்ச நேரமாச்சு."

அதற்குப் பிறகும் ஏழெட்டுத் தட்டு தட்டினேன்.

அடக்கத்தன்று போதகர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அந்தக் கணவாய் விஷயம் மெய்யா என்று கேட்டார். கண்ணால் கண்டது, கையால் தட்டியது என்றேன். அவர் அதைப் பிரசங்கத்தில் சேர்த்துக்கொண்டார். இப்போது வேறு சபைகளிலும் சொல்கிறார்களாம். கணவாயின் நீளம் இரண்டு மைல் என்று ஒருவர் அளந்தே சொல்லியிருக்கிறார். நான் மறுக்கவில்லை. என்னவென்று மறுப்பது?

இன்னும் ஒன்றுதான் பாக்கி, அதையும் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பதினாறு வயது முடிந்த மறுநாள் அண்ணன் என் கையைப் பிடித்து, எனக்கு முன்னால் நடந்து, பொத்தான் தொழிற்சாலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அன்றிலிருந்து நாற்பத்திரண்டு வருடம், ஒரு நாள்கூட லீவு எடுக்காமல், அவருக்கு அடுத்த இயந்திரத்தில்தான் நின்றேன், ஆட்டை நான் இதுவரை தொட்டதே இல்லை.